ரேக்ளா மாடும் பார வண்டியும்

நம் கதைகளில் எவரும் கூட்ஸ் வண்டியில் வருவதில்லை. கதாநாயகன் மெயிலில் வந்து இறங்குகிறான். கதாநாயகி எக்ஸ்பிரஸில் புறப்பட்டுப் போகிறாள். ஊரை ஏமாற்றிய அயோக்கியன்கூட முதல் வகுப்பில்தான் தப்பி ஓடுகிறான். கூட்ஸ் வண்டிக்கு இலக்கியத்தில் உள்ள ஒரே உத்தியோகம், லெவல் கிராஸிங்கில் குறுக்கே நின்று காதலர்களைப் பத்து நிமிஷம் தாமதப்படுத்துவது. கதை எழுதுகிறவர்களை இதற்காகக் கோபித்துப் பிரயோஜனமில்லை. வேகத்தைக் கண்டால் மனிதர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. பாரம் சுமக்கிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்த மயக்கம் கதைப் புத்தகத்தோடு நின்றுவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அது ரயில்வே நிர்வாகத்துக்கே யோசனை சொல்லக் கிளம்பிவிடுகிறது. "ஆறாயிரம் குதிரைச் சக்தி உள்ள இஞ்சின், சார்! இருபத்துநாலு பெட்டி எக்ஸ்பிரஸை இழுத்துக்கொண்டு பறந்து வருகிறது. வந்ததும் யார்டில் சும்மா நிற்கிறது. அடுத்த எக்ஸ்பிரஸ் புறப்படும் வரையில் அதை ஒரு நிலக்கரி வண்டியில் மாட்டி அனுப்பினால் என்ன? வேகமாக ஓடத் தெரிந்தவனுக்கு மெதுவாக நடக்கத் தெரியாதா?" இப்படிக் கேட்கிறவர்கள் படிப்பில்லாதவர்கள் அல்ல. வரவு செலவு தெரிந்தவர்கள், ஒரு நிமிஷத்தை வீணாக்கக்கூடாது என்று நினைக்கிறவர்கள், எதையும் எண்களில் பேசுகிறவர்கள். அதனால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முட்டாள்தனமான யோசனை முட்டாளிடமிருந்து வந்தால் யாரும் கேட்பதில்லை. புத்திசாலியிடமிருந்து வந்தால் உத்தரவாகிவிடுகிறது.

காங்கேயத்துப் பக்கம் ஒரு குடியானவரிடம் போய், "பந்தயத்தில் ஜெயித்த உங்கள் ரேக்ளாக் காளைகள் கொட்டிலில் சும்மாதானே நிற்கின்றன? ஒரு நாளைக்குக் கொடுங்கள். கருங்கல் பாரம் ஏற்றிய வண்டியில் பூட்டி மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். அவர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். மரியாதையுள்ளவராக இருந்தால் மோர் கொடுத்து அனுப்பிவைப்பார். காளைகளுக்கு வலு இல்லை என்று அவர் சொல்லமாட்டார். அந்த வலு எந்த வேலைக்காகப் பழக்கப்பட்டது என்பது அவருக்குத் தெரியும். எண்களில் பேசுகிறவர்களுக்கு இவ்வளவு போதாது, எண்களிலேயே பேசுவோம்.

இன்று நம் நாட்டில் எக்ஸ்பிரஸ் வண்டிகளை இழுக்கும் மின்சார இஞ்சின்களில் பெயர் பெற்றது டபிள்யூ.ஏ.பி.-7. சரக்கு வண்டிகளை இழுப்பதில் பெயர் பெற்றது டபிள்யூ.ஏ.ஜி.-9. பெயரில் உள்ள 'பி' பாசஞ்சரைக் குறிக்கிறது. 'ஜி' கூட்ஸைக் குறிக்கிறது. இரண்டையும் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் கட்டியிருக்கிறார்கள். முதலில் வந்தது கூட்ஸ் இஞ்சின்; அதிலிருந்துதான் பாசஞ்சர் இஞ்சினைச் செய்தார்கள். இரண்டுக்கும் ஒரே மோட்டார், ஆறு அச்சுகள், ஒரே அளவு குதிரைச் சக்தி. எடையும் ஒன்றுதான்: 123 டன். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் என்னைப்போன்ற சாமானியர்கள் பெயர்ப் பலகையைப் படித்துத்தான் எது எது என்று சொல்ல முடியும்.

முக்கியமான வித்தியாசம் ஒரு பல்சக்கரத்தில் இருக்கிறது. பாசஞ்சர் இஞ்சினில் 20 பல் உள்ள சிறு சக்கரம் 72 பல் உள்ள பெரிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. கூட்ஸ் இஞ்சினில் 21 பல் உள்ளது 107 பல் உள்ளதைச் சுழற்றுகிறது. அதாவது, தண்டவாளத்தில் ஓடும் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, பாசஞ்சர் இஞ்சினின் மோட்டார் மூன்றரைச் சுற்றுக்குச் சற்று மேலே சுற்றுகிறது. கூட்ஸ் இஞ்சினின் மோட்டார் ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. கடப்பாறையால் கல்லைப் புரட்டுகிறவன் கல்லுக்கு அருகே பிடிப்பதில்லை; எட்டத் தள்ளி நுனியில் பிடிக்கிறான். கை அதிக தூரம் போகிறது, கல் கொஞ்சந்தான் அசைகிறது, ஆனால் அசைகிறது! கூட்ஸ் இஞ்சின் கடப்பாறையை நுனியில் பிடித்திருக்கிறது. பாசஞ்சர் இஞ்சின் நடுவில் பிடித்திருக்கிறது.

இதன் பலன் என்ன? கிளம்பும்போது கூட்ஸ் இஞ்சினின் இழுவை 458 கிலோநியூட்டன். நம் வீட்டுக் கணக்கில் ஏறத்தாழ 47 டன் எடையைத் தூக்கும் பலம். பாசஞ்சர் இஞ்சினின் இழுவை 322 கிலோநியூட்டன். 33 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. குதிரைச் சக்தி சமமாக இருக்கும்போது பலம் எப்படிக் குறைந்தது என்று கேட்கலாம். இழுவையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவதுதான் சக்தி. ஒருவன் பலத்தில் செலவழிக்கிறான், இன்னொருவன் வேகத்தில் செலவழிக்கிறான். கையிருப்பு இருவருக்கும் ஒன்றே. பல்சக்கர விகிதத்தைப் பார்த்தாலே தெரியும்: கூட்ஸ் இஞ்சின் 50 கிலோமீட்டர் வேகத்தில் காட்டுகிற சக்தியைக் காட்டப் பாசஞ்சர் இஞ்சின் 70 கிலோமீட்டர் வேகத்தை எட்டியாக வேண்டும். பாரத்தோடு மேட்டில் இருபதிலும் முப்பதிலும் ஊர்ந்துகொண்டிருக்கிற வண்டியில் அதன் ஆறாயிரம் குதிரைகளில் பெரும்பாலானவை லாயத்திலேயே தூங்கிக்கொண்டிருக்கும்.

எனக்குத் தெரிந்த பௌதிகம் இரண்டு வருஷக் கல்லூரிப் பௌதிகந்தான். இந்த விவகாரத்துக்கு அது போதும். வாசகர்களும் கூடவே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிலக்கரி வண்டி ஒன்றில் 58 வாகன்கள். பழைய ரக வாகன் ஒன்று சரக்கோடு 81 டன். மொத்தம் 4,700 டன்னுக்குக் குறையாது. இஞ்சினையும் சேர்த்தால் 4,800. ரயில் பாதையில் 150 அடி போனால் ஓர் அடி உயருகிற ஏற்றம் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஏற்றம் என்று யாருக்கும் கண்ணால் பார்த்துச் சொல்லத் தெரியாது. அந்த இடத்தில் மாட்டு வண்டி ஓட்டுகிறவன் மாட்டை அதட்டக்கூட மாட்டான். ஆனால் 4,800 டன்னை அந்த ஏற்றத்தில் பின்னுக்கு உருளாமல் பிடித்து வைப்பதற்கு மட்டும் 32 டன் பலம் வேண்டும். பாசஞ்சர் இஞ்சினிடம் இருப்பதே 33 டன்னுக்குக் குறைவு. கடன்காரனுக்கு வட்டியைக் கட்டியதும் மாசச் சம்பளம் தீர்ந்துபோன குமாஸ்தாவைப்போல, அது அங்கே நிற்கலாம், நகர முடியாது. உருளும் சக்கரங்களின் உராய்வுக்கு டன்னுக்கு இரண்டு கிலோ என்று தயவாகக் கணக்கு வைத்தாலும் இன்னும் ஒன்பதரை டன் வேண்டும். அதற்கு எங்கே போவது?

கூட்ஸ் இஞ்சினிடம் உராய்வும் போக ஐந்து டன் மிச்சமிருக்கிறது. அதையும் நடு ஏற்றத்தில் நிறுத்திவிட்டுக் கிளம்பச் சொன்னால் மூச்சு வாங்கும். ஓடி வந்த வேகத்தில் ஏறிவிடும். ஒரு இஞ்சின் ஏறுகிறது, இன்னொன்று நிற்கிறது. இரண்டின் பெயர்ப் பலகையிலும் குதிரைச் சக்தி ஒன்றே!

யோசனைக்காரர்கள் ஏமாறுகிற இடம் சமதரை. சமதரையில் அதே 4,800 டன்னை நகர்த்தப் பத்து டன் பலமே ஏறக்குறையப் போதும். அங்கே பாசஞ்சர் இஞ்சின் அழகாக இழுத்துப்போகும். "பார்த்தீர்களா, நான் சொன்னேனே!" என்று சொல்லத் தோன்றும். ஆனால் ரயில் பாதை தஞ்சாவூர் வயல் வரப்பல்ல. சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகிறவர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் ஏறுகிறார். காப்பி குடித்துக்கொண்டே ஏறுவதால் அவருக்குத் தெரிவதில்லை. இஞ்சினுக்குத் தெரிகிறது. நூறு கிலோமீட்டர் சமதரையில் நல்ல பேர் வாங்கிய இஞ்சின் நூற்றோராவது கிலோமீட்டரில் உள்ள மேட்டில் நின்றுவிட்டால், முந்தைய நூறு கிலோமீட்டரை யார் திருப்பிக் கொடுக்கப்போகிறார்கள்?

இது புதிதாகக் கண்டுபிடித்த ஞானமுமல்ல. பம்பாயிலிருந்து மலையேறிப் பூனாவுக்குப் போகும் போர் காட் பாதையில், முப்பத்தேழு அடிக்கு ஓர் அடி ஏற்றம். 1920களின் இறுதியில் அந்தப் பாதையில் மின்சாரம் வந்தபோது, ஜி.ஐ.பி. ரயில்வேக்காரர்கள் இரண்டு வெவ்வேறு இஞ்சின்களை வரவழைத்தார்கள். ஒன்று, சக்கரங்களைக் கம்பிகளால் பிணைத்த, முன்னும் பின்னும் நீண்ட மூக்குகளைக் கொண்ட, 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடாத சரக்கு இஞ்சின். அதற்கு அந்தப் பக்கத்து ஜனங்கள் 'நண்டு' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். மற்றொன்று, மணிக்கு 85 மைல் வரை ஓடக்கூடிய பாசஞ்சர் இஞ்சின். 1930இல் ஆரம்பித்த டெக்கான் குவீன் வண்டியை இழுத்துப் பேர் வாங்கியது அதுதான். நண்டுக்கு ஒரு ராணி வண்டியும் கிடைக்கவில்லை; ஆனால் மலைமேல் சரக்கை ஏற்றியது நண்டுதான். லாபத்தில் கண்ணாயிருந்த அந்தக் கம்பெனிக்கு ஒரே ரகத்தை வாங்கி இரண்டு வேலையையும் செய்துகொள்ளலாம் என்று தோன்றாமலா போயிருக்கும்?

நீராவிக் காலத்துக்கு வந்தாலும் அதே கதை. 1947இல் அமெரிக்காவிலிருந்து வந்த, குண்டு போன்ற மூக்குள்ள டபிள்யூ.பி. இஞ்சினைப் பெரியவர்கள் பலர் மறந்திருக்கமாட்டார்கள். எக்ஸ்பிரஸ் வண்டிகளின் முன்னால் நட்சத்திரம் வரைந்த மூக்கோடு நின்ற அழகு யாருக்கு மறக்கும்? 1950இல் அதற்குத் துணையாகச் சரக்குக்கென்று வந்த டபிள்யூ.ஜி. இஞ்சினை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? இரண்டுக்கும் கொதிகலன் ஒன்றுதான். நீராவியைத் தயாரிக்கும் வயிறு ஒன்று, கால்கள் வேறு. டபிள்யூ.பி.க்கு 5 அடி 7 அங்குலம் உயரமுள்ள இழுவைச் சக்கரங்கள் பக்கத்துக்கு மூன்று. டபிள்யூ.ஜி.க்கு 5 அடி 1½ அங்குலச் சக்கரங்கள் பக்கத்துக்கு நான்கு. முன்னதன் இழுவை 30,600 ராத்தல். பின்னதன் இழுவை 38,900 ராத்தலை ஒட்டியது.

அந்த மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள பேதத்தைக் கவனிக்க வேண்டும். வேகமாக ஓடுகிற இஞ்சினுக்கு வளைவில் தண்டவாளத்தை விட்டு விலகாமல் வழிகாட்ட முன்னால் நான்கு சின்னச் சக்கரங்கள் வேண்டும். அவை இஞ்சினின் எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கின்றன. ஆனால் இழுப்பதில்லை. தண்டவாளத்தைக் கவ்விப் பிடிப்பது இழுவைச் சக்கரத்தின் மேல் அழுத்துகிற எடை மட்டுமே. டபிள்யூ.பி.யில் அப்படி அழுத்தியது சுமார் 55 டன், டபிள்யூ.ஜி.யில் 74 டன். கவ்வுகிற எடை போதாதபோது நீராவியைத் திறந்துவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். டிரைவர் மணலைத் தண்டவாளத்தில் தூவுவார்; மறுபடி திறப்பார்; மறுபடி சுழலும். பாரமான வண்டியோடு மேட்டில் நின்ற வேக இஞ்சினின் அந்தத் தவிப்பு, பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். மணல் தூவுகிறவருக்கு வேடிக்கையாக இருந்திராது.

பின்னால் வந்த டபிள்யூ.ஏ.பி.-4, டபிள்யூ.ஏ.ஜி.-7 என்ற மின்சார ஜோடியிலும் மோட்டார் ஒன்று, பல்சக்கரம் வேறு. நீராவி போய், பழைய மோட்டார் போய், புதிய மோட்டார் வந்தும் இந்தப் பாகுபாடு மட்டும் போகவில்லை. இஞ்சின் செய்கிறவர்கள் பிடிவாதக்காரர்கள் என்பது இதற்குக் காரணமாக இருக்க முடியாது. மேடு போகவில்லை, பாரமும் போகவில்லை.

வேகத்தின் மேல் உள்ள மோகத்துக்கு உலகமே கொண்டாடுகிற ஒரு உதாரணம் உண்டு. 1938ஆம் வருஷம் ஜூலை 3ஆம் தேதி இங்கிலாந்தில் 'மல்லார்ட்' என்ற நீராவி இஞ்சின் மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடியது. நீராவி இஞ்சினுக்கு அதுதான் இன்றைக்கும் சாதனை. 6 அடி 8 அங்குலச் சக்கரங்கள்! பள்ளிக்கூடப் பையன்களும் அறிந்த விஷயம் இது. அந்த ஓட்டம் இறக்கத்தில் நடந்தது என்பதையும், பின்னால் இருந்தவை ஏழே பெட்டிகள் என்பதையும், ஓட்டத்தின் முடிவில் இஞ்சினின் ஒரு பேரிங் சூடேறிக் கெட்டுப்போயிற்று என்பதையும் யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அதன் பெருமையைக் குறைப்பது என் நோக்கமல்ல. இறக்கத்தில் ஏழு பெட்டியோடு ஓடுவதற்கும் ஏற்றத்தில் 58 வாகனோடு ஊர்வதற்கும் உள்ள தூரத்தைத்தான் சொல்கிறேன்.

இங்கே ஒரு புத்திசாலி குறுக்கிடுவார்: "கூட்ஸ் இஞ்சின் பிரயாணி வண்டியை இழுத்ததில்லையா?" இழுத்திருக்கிறது. இங்கிலாந்தில் 1954 முதல் 1960 வரை கட்டிய '9 எஃப்' என்ற சரக்கு இஞ்சின், ஐந்தடிச் சக்கரங்களை வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸ் வண்டிகளை இழுத்து 90 மைல் வேகம்வரை ஓடிக் காட்டியது. மேலதிகாரிகள் கைதட்டவில்லை, சின்னச் சக்கரம் அந்த வேகத்தில் சுழன்றால் உறுப்புகள் தேய்ந்துபோகும் என்று கவலைப்பட்டார்கள். அந்த உதாரணத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இரண்டு தவறுகளும் சம எடையுள்ளவை அல்ல. பிரயாணி வண்டியில் கூட்ஸ் இஞ்சினை மாட்டினால் வண்டி தாமதமாகப் போய்ச் சேரும். பார வண்டியில் பாசஞ்சர் இஞ்சினை மாட்டினால் போய்ச் சேருமா என்பதே சந்தேகம்.

இன்னொரு புத்திசாலி, டீசல் இஞ்சினான டபிள்யூ.டி.எம்.-2ஐ எடுத்துக்காட்டுவார். 1962இல் அமெரிக்காவிலிருந்து வந்து, பிறகு காசியில் கட்டப்பட்டு, மெயிலையும் கூட்ஸையும் பேதமில்லாமல் இழுத்த உத்தமமான இஞ்சின் அது. அதை மறுத்துப் பேசினால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அது ஓட்டப் பந்தயக்காரன் அல்ல. மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் அதனிடம் யாரும் கேட்டதில்லை. இரண்டு வேலைக்கும் நடுவே ஒரு பல்சக்கரத்தைத் தேர்ந்தெடுத்து, அப்படியென்றே பெற்ற பிள்ளை. அதன் பெயரில் உள்ள 'எம்' இரண்டுக்கும் பொது என்பதைக் குறிக்கிறது. பாரம் அதிகமானால் இரண்டாக ஜோடி சேர்த்தார்கள். பொது வேலைக்கென்று செய்த இஞ்சினைப் பொது வேலைக்கு அனுப்புவதில் எனக்கென்ன ஆட்சேபம்?

எல்லாக் கூட்ஸ் வண்டியும் ஒன்றல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காலி வாகன்களைத் திருப்பிக் கொண்டுபோகட்டும். பார்சல் வண்டியை இழுக்கட்டும். 2020 மார்ச் மாசக் கடைசியில் கொள்ளை நோய்க்குப் பயந்து நாட்டில் பிரயாணி வண்டிகள் எல்லாம் நின்றபோது, ரேணிகுண்டாவிலிருந்து டில்லிக்குப் பால் வண்டி விட்டார்கள். பால் காத்திருக்காது. பாரமும் நிலக்கரியைப் போன்றதல்ல. அத்தகைய வண்டிக்கு வேகமான இஞ்சினே பொருத்தம். எனக்குள்ள வழக்கெல்லாம் நிலக்கரி, இரும்புத்தாது, சிமெண்டு, உரம், அரிசி இவற்றைப் பற்றியதுதான். அவைதான் ரயில்வேக்குச் சோறு போடுகின்றன. பிரயாணிகள் டிக்கட்டில் விழுகிற நஷ்டத்தைச் சரக்குக் கூலிதான் ஈடுகட்டுகிறது. நாம் எக்ஸ்பிரஸில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு ஜன்னல் வழியாக அலட்சியமாகப் பார்க்கிற அந்த அழுக்கு வாகன்கள் நம் டிக்கட்டில் ஒரு பங்கைக் கட்டியிருக்கின்றன.

'சும்மா நிற்கிறது' என்ற வார்த்தையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு எக்ஸ்பிரஸ்களுக்கு நடுவே நிற்கிற இஞ்சினைச் சும்மா நிற்பதாக நினைக்கிறவர், பகலில் தூங்குகிற இரவுக் காவல்காரரைச் சோம்பேறி என்று சொல்லக்கூடியவர். அந்த நேரத்தில்தான் அதன் பிரேக்கையும் சக்கரத்தையும் பார்ப்பார்கள். மேலும், எக்ஸ்பிரஸுக்குக் கால அட்டவணை உண்டு. கூட்ஸ் வண்டிக்குக் கிடையாது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஓரப் பாதையில் ஒதுங்கி, இந்த மெயில் போகட்டும், அந்தப் பாசஞ்சர் போகட்டும் என்று பெண் வீட்டுக்காரர்போல் காத்திருப்பதே அதன் ஜாதகம். மத்தியானம் நாலு மணி நேரத்துக்கு என்று இரவல் போன இஞ்சின் ராத்திரி எட்டு மணிக்கு ஏதோ ஒரு ஓரப் பாதையில் நிற்கும். எட்டே காலுக்குப் புறப்பட வேண்டிய எக்ஸ்பிரஸில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள், இஞ்சின் வரவில்லை என்பது தெரியாமல், ரயில்வே மந்திரியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். மிச்சம் பிடித்த நாலு மணி நேரம் இப்படித்தான் செலவாகும்.

வண்டி மேட்டில் நின்றுவிட்டால் என்ன நடக்கிறது என்பதை அறைக்குள் உட்கார்ந்து யோசனை சொல்கிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. பின்னால் வருகிற வண்டிகள் சிக்னலில் நிற்கும். முட்டுக் கொடுக்க வேறு இஞ்சின் வர வேண்டும். அல்லது வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை அடுத்த ஸ்டேஷனில் விட்டுவிட்டு, பின்பாதிக்குத் திரும்பி வர வேண்டும். மழையோ இருட்டோ, தண்டவாள ஓரத்து ஜல்லியில் இறங்கி அரை மைல் நீளத்துக்கு நடந்து போகிறவர் டிரைவரின் துணையாள். இப்போது லோகோ பைலட் என்று கௌரவமான பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் மாறினாலும் மேட்டில் நிற்கிறவர் அவரே. கேள்வி கேட்டுக் காகிதம் வந்தாலும் அது அவரிடந்தான் முதலில் வரும்: வண்டி ஏன் நின்றது? எவ்வளவு நேரம் நின்றது? இஞ்சினை முறைப்படி இயக்கினீரா? பல்சக்கரத்தின் மேல் குற்றம் சுமத்தி அவர் பதில் எழுத முடியாது. எழுதினால், குதிரைச் சக்தி போதுமானதாக இருந்தது என்று மறுபதில் வரும்.

எந்த இஞ்சின் எந்த ஏற்றத்தில் எவ்வளவு பாரம் இழுக்கும் என்பதற்கு ரயில்வேயிடமே அட்டவணை இருக்கிறது. அதைத் தயாரித்தவர்கள் மேட்டையும் பாரத்தையும் அறிந்தவர்கள். சரக்குக்கென்றே 2020இல் ஓடத் தொடங்கிய, பீகாரில் மதேபுராவில் கட்டுகிற 12,000 குதிரைச் சக்தி இரட்டை இஞ்சினைக் கொண்டுவந்தவர்களுக்கும் அது தெரியும். நான் சண்டை போடுவது அவர்களோடு அல்ல. அட்டவணையைத் தள்ளி வைத்துவிட்டு, இன்றைக்கு ஒரு நாள் மட்டும், அவசரத்துக்கு, கையில் இருப்பதை மாட்டி அனுப்பு என்று டெலிபோனில் சொல்லலாம் என்கிறவர்களோடுதான். டெலிபோனில் சொன்ன வார்த்தைக்குக் கையெழுத்து இல்லை. மேட்டில் நின்ற வண்டிக்கு மட்டும் நேரமும் இடமும் டிரைவர் பேரும் பதிவாகிவிடுகின்றன.

ஆகவே ஒரு சின்ன ஏற்பாடு செய்யலாம். பார வண்டி ஒன்றுக்கு வேக இஞ்சினைக் கொடுக்கச் சொல்கிறவர், வண்டியின் எடையையும் வழியிலுள்ள மிகக் கடுமையான ஏற்றத்தையும் ஒரு காகிதத்தில் எழுதி, கீழே தம் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டு டிரைவரிடம் கொடுக்கட்டும். வண்டி நின்றால் விளக்கம் கேட்கும் முதல் கடிதம் அந்தப் பெயருக்குப் போகட்டும்.